கோபுரத்தில் ஏறிய கமரா

கோயில் உண்டியல் உடைபட்ட செய்தியோடு வரும் சிசிரிவிப் படம் எல்லாருக்கும் பழக்கமானது. மேலிருந்து பார்த்த ஒரு தலை, இரண்டு தோள், கையில் அலவாங்கு. முகம் இருக்கவேண்டிய இடத்தில் ஏழெட்டுச் சாம்பல் கட்டங்கள். "ஆள் தெரியுது, ஆரெண்டுதான் தெரியேல்லை" என்று பரிபாலன சபைக் கூட்டத்தில் ஒருவர் சொல்வார். அதே கூட்டத்தில் இன்னும் எட்டுக் கமரா வாங்கத் தீர்மானமும் நிறைவேறும்.

எட்டுக் கமரா கூட்டினால் எட்டுத் தலை தெரியும், அவ்வளவுதான். யாழ்ப்பாணத்துக் கோயில்களில் கமராவை எங்கே பூட்டுகிறார்கள் என்று அண்ணாந்து பார்த்தால் காரணம் விளங்கும். கோபுரத்தின் முதல் தட்டு, மணிக்கோபுரத்தின் விளிம்பு, மண்டபத்து முகட்டு வளை. "எல்லா இடமும் தெரியவேணும்" என்று சபை கேட்கிறது. பூட்ட வருபவரும் உயரத்தில் பூட்டி, போனில் வீதி முழுவதையும் காட்டிவிட்டுக் காசை வாங்கிக்கொண்டு போகிறார். பகலில் பார்க்க அழகான படம். இரவு ஒன்றரை மணிக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

கணக்கு மிகச் சின்னது. கண்காணிப்புக் கமராக்களுக்கான ஐ.ஈ.சி. 62676-4 என்ற சர்வதேச நியமம், ஒரு மீற்றர் அகலத்துக்கு எத்தனை பிக்சல் விழுகிறது என்பதை வைத்துப் படத்தின் தரத்தைப் பிரிக்கிறது. 25 விழுந்தால் அங்கே ஓர் ஆள் நிற்பது தெரியும். 125 விழுந்தால், ஏற்கெனவே தெரிந்த ஒருவராக இருந்தால் இன்னார் என்று சொல்லலாம். முன்பின் தெரியாதவரை அடையாளம் காண 250 வேண்டும்.

இப்போது கடையில் அதிகம் கிடைப்பது 4 மெகாபிக்சல் கமரா. படத்தின் அகலம் 2560 பிக்சல். அதை 250 ஆல் பிரித்தால் ஏறத்தாழ 10 மீற்றர். அதாவது, படத்துக்குள் விழும் காட்சி 10 மீற்றர் அகலத்துக்குள் இருக்கும்வரைதான் முகம் முகமாக இருக்கும். 2.8 மில்லிமீற்றர் லென்ஸ் ஏறக்குறைய 100 பாகை விரிவாகப் பார்க்கும். அந்த 10 மீற்றர் அகலம் கமராவிலிருந்து நாலேகால் மீற்றர் தூரத்திலேயே முடிந்துவிடும். அதற்கு அப்பால் நிற்பவர் "ஆள்" மட்டுமே. 4 மில்லிமீற்றர் லென்ஸ் என்றால் ஏறத்தாழ 6 மீற்றர், 6 மில்லிமீற்றர் என்றால் 10 மீற்றர்வரை போகலாம். கமரா வாங்கும்போது மெகாபிக்சலைக் கேட்கிறோம், விலையைக் கேட்கிறோம். லென்ஸ் எத்தனை மில்லிமீற்றர் என்று கேட்பவர் குறைவு.

உயரத்துக்கும் இதே மாதிரிக் கணக்கு உண்டு. முகம் தரையிலிருந்து 1.6 மீற்றரில் இருக்கிறது. கமரா 3 மீற்றர் உயரத்தில், நாலேகால் மீற்றர் தள்ளி இருந்தால் 18 பாகை சரிவில் பார்க்கும். கண், மூக்கு, வாய் எல்லாம் தெரியும். அதே கமராவை 6 மீற்றருக்கு ஏற்றினால் 45 பாகைக்கு மேல் சரிந்து, உச்சந்தலையும் தொப்பி விளிம்பும் மட்டும் கிடைக்கும். "எட்டிப் பிடுங்கிவிடுவான்" என்ற பயத்தில்தான் மேலே ஏற்றுகிறார்கள். அதற்கு மருந்து, ஒவ்வொரு கமராவையும் இன்னொரு கமரா பார்க்கும்படி வைப்பது. உயர்த்திப் பூட்டுவதால் அந்தப் பயம் தீராது, தடியும் ஏணியும் எல்லா வீட்டிலும் இருக்கின்றன.

ஆகவே இரண்டு வகையாகப் பிரித்துக்கொள்ளுங்கள். வீதியையும் மண்டபத்தையும் அகலமாகப் பார்க்க இரண்டு மூன்று. முகத்துக்கென்று தனியாக, இரண்டரை முதல் மூன்று மீற்றர் உயரத்தில், ஆள் கட்டாயம் வந்தே தீரவேண்டிய ஒடுங்கிய இடங்களில் மற்றவை. இரவில் மதில் ஏறி எந்தப் பக்கத்தால் குதித்தாலும் கள்ளன் கடைசியில் போகும் இடம் மூன்றுதான்: உண்டியல், அலுவலக அறை, நகையும் பாத்திரமும் வைக்கும் களஞ்சியம். சின்னக் கோயில் என்றால் ஒலிபெருக்கி அம்பிளிபயரும் வெண்கல விளக்குகளும் சேரும். தேவாலயத்தில் காணிக்கைப் பெட்டியும் பூசைப் பாத்திரங்கள் வைக்கும் அறையும். பள்ளிவாசலில் அம்பிளிபயரும் வாசலில் கழற்றிய செருப்புகளும். ஊர்ச் சிவன் கோயில் ஒன்றுக்கு இப்படிக் கணக்குப் பார்த்தால் ஆறு முதல் எட்டுக் கமராவுக்குமேல் தேவைப்படாது.

மூலஸ்தானத்தை நோக்கி ஒன்றும் வேண்டாம். வழிபாட்டு முறையை மதிக்கவும் அதுதான் சரி, பாதுகாப்புக்கும் அதுவே போதும். அர்த்தமண்டப வாசலில் வெளிப்பக்கம் பார்க்கும்படி ஒன்றை வைத்தால் உள்ளே நுழைபவரின் முகம் நேராக விழும். கேணிப் படிக்கட்டு, உடை மாற்றும் இடம், பாவசங்கீர்த்தனத் தொட்டி, தொழுமுன் கைகால் கழுவி வுழூ செய்யும் இடம், பெண்கள் தொழும் பகுதி ஆகியவற்றைக் கமரா தொடக்கூடாது. கோணம் தவிர்க்கமுடியாமல் அந்தப் பக்கம் போனால், அந்தப் பகுதியைக் கறுப்புக் கட்டத்தால் மறைக்கும் வசதி பெரும்பாலான கமராக்களில் இருக்கிறது. பூட்டும் அன்றே அதைச் செய்துவிட்டுச் சபைக்குக் காட்டவேண்டும்.

உண்டியலைப் பார்க்கும் கமராவில் இன்னொரு பிழை நடக்கிறது. பகலில் கூர்மையாக இருக்கும் படம் இரவில் இழுபடும். இருட்டில் வெளிச்சத்தைச் சேர்க்க, கமரா தானாகவே ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தை செக்கனில் 25இல் ஒரு பங்குவரை கூட்டிக்கொள்கிறது. அந்த நேரத்துக்குள் நடந்துபோகிறவர் ஐந்தரைச் சென்ரிமீற்றர் நகர்ந்துவிடுவார். படத்தில் அது 14 பிக்சல் இழுவை. ஓடுகிறவர் என்றால் 40. கையால் 100இல் ஒரு பங்குக்கு மாற்றிவிட்டு, வெளிச்சம் போதாதபடியால் உண்டியலுக்கு மேலே 10 வாற் எல்.ஈ.டி. விளக்கு ஒன்றை விடியும்வரை எரியவிடுங்கள். கள்ளனுக்கு வெளிச்சம் காட்டுவதா என்று கேட்பார்கள். காட்டத்தான் வேண்டும், முகம் அதில்தான் விழும்.

கிழக்கு வாசல் இன்னொரு தொல்லை. பெரும்பாலான கோயில்கள் கிழக்குப் பார்த்தவை. காலை ஏழு மணிக்கு உள்ளே வருபவரின் முதுகில் சூரியன். உள்ளிருந்து பார்க்கும் கமராவுக்கு அவர் ஒரு நிழலுருவம். கடும் வெளிச்சத்தையும் நிழலையும் ஒரே படத்தில் சமன்செய்யும் டபிள்யூ.டி.ஆர். வசதி, 120 டெசிபெல் அளவுக்கு உண்மையாகவே உள்ள கமராவை அந்த ஓர் இடத்துக்காவது வாங்குங்கள். பெட்டியில் "டிஜிற்றல்" என்ற சொல் முன்னால் ஒட்டியிருந்தால் அது வேறு சாமான், முகத்தை மீட்டுத் தராது. இருட்டில் அதே வசதி நடமாடும் ஆளை இரட்டை உருவமாக்கும். பகலுக்கு மட்டும் இயங்கும்படி நேரம் வைத்துவிடலாம்.

துவாரபாலகரும் அங்கப்பிரதட்சிணமும்

இனி "ஸ்மார்ட்" என்று விற்கப்படும் பகுதி. பழைய கமராக்கள் படத்தில் எது அசைந்தாலும் அறிவித்தல் அனுப்பும். யாழ்ப்பாணத்து இரவில் அசைபவை எத்தனை: பனையோலை, தோரணம், கொடிச்சீலை, வௌவால், வீதியில் படுக்கும் நாய், கட்டாக்காலி மாடு, பல்பைச் சுற்றும் ஈசல். ஒரு வாரத்தில் எல்லாரும் போனில் அந்தச் சத்தத்தை நிறுத்திவிடுவார்கள். புதியவை உருவத்தைப் பார்த்து மனிதர், வாகனம், மற்றவை என்று பிரிக்கின்றன. இந்த ஒன்றுக்காகவே பழையதை மாற்றலாம்.

ஆனால் அந்தப் பிரிப்பைப் பழக்கியவர்களுக்கு எங்கள் கோயில் தெரியாது. துவாரபாலகருக்கும் வாகனசாலையில் நிற்கும் உருவங்கள் சிலவற்றுக்கும் மனிதரைப்போலக் கை, கால், தலை எல்லாம் உண்டு. தூண்டாமணி விளக்குச் சுடர் ஆடும்போது அவற்றின் நிழலும் ஆடும். வீதியால் போகும் ஓட்டோவின் முன்விளக்கு ஒருமுறை சுவரில் அடித்தால் சூரன் உயிர்பெற்றுவிடுவான். தேவாலயத்துச் சொரூபங்களுக்கும் இதே கதைதான். இதற்கு உணர்திறனைக் குறைப்பது பிழையான வழி, உண்மையான ஆளையும் தவறவிடும். சிலை இருக்கும் பகுதியைக் கண்காணிப்புக் கட்டத்திலிருந்து வெட்டிவிட்டு, அதற்குப் போகும் வழியில் கட்டம் போடவேண்டும்.

மறுபக்கமும் உண்டு. நிமிர்ந்து நடப்பவரை நன்றாகப் பிடிக்கும் இந்த மென்பொருள், தவழ்பவரையும் உருள்பவரையும் அடிக்கடி தவறவிடும். அங்கப்பிரதட்சிணம் செய்பவரை மனிதர் என்று எண்ணாமலே போகும், சில மாதிரிகள் "ஒருவர் விழுந்துவிட்டார்" என்று சபைத் தலைவருக்கு அறிவித்தலும் அனுப்பும். சிரிக்கலாம். ஆனால் மதிலோரம் ஊர்ந்து வருபவனையும் அது அப்படியே விட்டுவிடும் என்பதுதான் விஷயம். காவடி, குடை, தலையோடு போர்த்த சாரம் எல்லாம் இதே சிக்கலைத் தரும்.

தாண்டினால் அலாரம் அடிக்கும் கோட்டைப் படத்தில் போடும்போது மதில் விளிம்பில் போடாதீர்கள். வருவது ஆள்தானா, எந்தப் பக்கம் போகிறார் என்று கண்டுபிடிக்க மென்பொருளுக்கு ஒன்றிரண்டு செக்கன் வேண்டும். மதிலுக்கு உட்புறம் ஒரு மீற்றர் தள்ளி, முழு உடலும் தெரியும் இடத்தில், படத்தின் ஓரத்தைவிட்டு விலகிக் கோடு விழவேண்டும். தூரமும் முக்கியம். கைக்கணக்காகச் சொன்னால், ஆளின் உயரம் படத்தின் உயரத்தில் பத்தில் ஒரு பங்குக்குக் குறைந்தால் மென்பொருளை நம்பவேண்டாம். உண்டியலைச் சுற்றிய கட்டத்துக்குள் 3 முதல் 5 செக்கன் நின்றால் அலாரம் என்று வைத்தால் குறுக்கே பறக்கும் வௌவாலுக்கும் பூச்சிக்கும் அது அடிக்காது.

நேர அட்டவணையில்தான் பெரும்பாலான இடங்களில் எல்லாம் குழம்புகிறது. அர்த்தசாமப் பூசை முடிந்து கதவு பூட்டி ஒரு மணிநேரத்தில் தொடங்கி, உஷக்காலத்துக்கு அரை மணி முன்னர் முடியும்படி வைப்பார்கள். சரி. பிறகு மார்கழி வரும், திருவெம்பாவைக்காக நாலு மணிக்கே சங்கு ஊதும். சிவராத்திரிக்குக் கோயில் பூட்டுவதே இல்லை. தேவாலயத்தில் நத்தார் நள்ளிரவுத் திருப்பலி, பள்ளிவாசலில் நோன்பு மாத இரவுத் தொழுகையும் சஹரும். அன்றைக்கெல்லாம் அலாரம் விடாமல் அடிக்கும். யாரோ ஒருவர் எரிச்சலில் அதை நிறுத்துவார், மறுபடி போட மறப்பார். பஞ்சாங்கத்தை வைத்து வருடத்துக்கான விடுப்பு நாட்களைத் தைப்பொங்கலுக்கு முன்னர் ஒரே இருப்பில் பதிந்துவிடுவது நல்லது. விடுமுறை அட்டவணை என்ற பகுதி, கமராப் படங்களைப் பதியும் என்.வி.ஆர். பெட்டிகள் பெரும்பாலானவற்றில் இருக்கிறது.

எல்லாம் போட்டபின் இரவில் நடந்து பாருங்கள். இரண்டு பேர், பத்துத் தடவை: நடந்து, ஓடி, தவழ்ந்து, போர்வையோடு, குடையோடு. உண்டியலில் பத்துக்குப் பத்தும் பிடிக்கவேண்டும். மதிலில் எட்டுப் பிடித்தால் போதும், உள்ளே இன்னொரு கட்டம் இருக்கிறதல்லவா. அடுத்த வாரம் பொய் அலாரங்களை எண்ணுங்கள். ஓர் இரவுக்கு இரண்டுக்குமேல் வந்தால் மறுபடி திருத்துங்கள். அதற்குமேல் எந்த மனிதரும் எழும்பிப் பார்க்கமாட்டார்.

உண்டியலைப் பொறுத்தவரை "பொருள் அகற்றப்பட்டது" என்ற வசதியை நம்பவேண்டாம். முன்னால் நாலு பேர் நின்று கும்பிட்டாலே அது குழம்பும். உண்டியல் கதவில் ஒரு காந்த சென்சர், அடிப்பாகத்தில் ஓர் அதிர்வு சென்சர். இரண்டையும் என்.வி.ஆர். பின்பக்கத்தில் இருக்கும் அலாரம் உள்ளீட்டில் இணைத்தால் அலவாங்கின் முதல் அடியிலேயே கத்தும். விலையும் கமராவின் விலையில் சிறு பங்குதான்.

கர்ப்பூரம், சோளகம், சுண்ணக்கல்

மண்டபத்துக்குள் இருக்கும் கமராவின் முதல் எதிரி புகை. கர்ப்பூரப் புகையும் நெய்த்தீபப் புகையும் சாம்பிராணியும் சேர்ந்து கண்ணாடியில் மெல்லிய எண்ணெய்ப் படையாகப் படிகின்றன. பகலில் தெரியாது. இரவில் கமராவின் அகச்சிவப்பு ஒளி அந்தப் படையில் பட்டுத் திரும்பி, படம் முழுவதும் பால் ஊற்றியதுபோல் ஆகும். குமிழ் வடிவ மூடி உள்ளவற்றில் இது இன்னும் மோசம். மண்டபத்துக்குள் குமிழ் வகையைத் தவிர்த்து, தட்டைக் கண்ணாடி உள்ளவற்றைப் பூட்டுங்கள். வெள்ளிக்கிழமை விசேட பூசை நடக்கும் கோயிலென்றால் சனிக்கிழமை துடைக்கவேண்டும். முதலில் ஐசோபுறோப்பைல் அல்கஹோல் தொட்ட மென்துணி, பிறகு உலர்ந்த துணி. வேட்டித் தலைப்பால் துடைத்தால் எண்ணெய் பரவும், கண்ணாடியும் கீறுப்படும்.

வெளியே சிலந்தி. அகச்சிவப்பு விளக்குக்குப் பூச்சி வரும், பூச்சிக்குச் சிலந்தி வரும், வலை லென்ஸின் முன்னால் வெள்ளைக் கயிறாகத் தெரியும். கமராவிலுள்ள அகச்சிவப்பை நிறுத்திவிட்டு, இரண்டு மீற்றர் தள்ளித் தனி விளக்கு ஒன்றைப் பூட்டினால் பூச்சி அங்கே போய்விடும்.

பாசையூர், குருநகர், தொண்டைமானாறு, கீரிமலை, நயினாதீவு போன்ற கரையோர இடங்களுக்கு இன்னொரு கவனம். பெட்டியில் ஐ.பி.67 என்று இருப்பது தண்ணீருக்கும் தூசுக்கும்தான், உப்புக்கு அல்ல. சோளகக் காற்று அடிக்கும் மாதங்களில் உப்பும் மணலும் ஒன்றாக வரும். முதலில் போவது கமரா அல்ல, வயர் முனையிலுள்ள இணைப்பு. அந்த வயரிலேயே மின்சாரமும் போவதால் ஈரம் பட்ட செப்பு ஊசிகள் பச்சை பூத்து அரித்துவிடும். இணைப்பைப் பெட்டிக்குள் வைத்து, மின்கடத்தா கிறீஸ் பூசி, தன்னோடு தானே ஒட்டும் இறப்பர் ரேப் சுற்றி, வயரைக் கீழே ஒரு வளைவு விட்டு மேலே ஏற்றுங்கள். மழைத்தண்ணீர் அந்த வளைவில் சொட்டிப் போகும். திருகாணிகள் 316 வகைத் துருப்பிடிக்கா உருக்காக இருக்கட்டும்.

வயர் விஷயத்தில் சபைகள் அதிகம் ஏமாறுகின்றன. மலிவாகக் கிடைக்கும் கற் 6 வயரில் பெரும்பங்கு செப்பு முலாம் பூசிய அலுமினியம். அருகில் இருக்கும் கமராவுக்கு ஓடும். 60, 70 மீற்றர் தள்ளித் தேர்முட்டியில் இருக்கும் கமரா பகலில் ஓடி, இரவில் அகச்சிவப்பு எரியத் தொடங்கியதும் மின்னழுத்தம் போதாமல் அணைந்து அணைந்து எழும்பும். கமராதான் பழுது என்று மாற்றுவார்கள், புதியதும் அப்படியே செய்யும். நுனியைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள்; உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் திருப்பிக் கொடுங்கள். நல்ல செப்பு வயரிலும் 100 மீற்றர்தான் எல்லை.

கட்டடத்துக்குக் கட்டடம் போகும் இடத்தில் செப்பே வேண்டாம், பைபர் என்ற கண்ணாடி இழை வயரைப் போடுங்கள். இரண்டு முனையிலும் ஒவ்வொரு மாற்றிப் பெட்டி, பெரிய செலவில்லை. காரணம் இடி. சித்திரை மாதத்திலும் ஐப்பசி, கார்த்திகையிலும் வரும் இடிமின்னலில், கோயிலில் விழாமல் பக்கத்துப் பனையில் விழுந்தாலே நீண்ட செப்பு வயரில் ஏறும் அழுத்தம், கமரா வயர்கள் வந்து சேரும் சுவிட்சையும் என்.வி.ஆரையும் ஒன்றாக எரித்துவிடும். கண்ணாடி இழையில் மின்சாரம் போகாது. கோபுரத்து இடிதாங்கிக் கம்பிக்குப் பக்கத்தால், அது கிடக்கும் அதே பிடிகளில், கமரா வயரைக் கட்டிக் கொண்டுவருவதும் நடக்கிறது. குறைந்தது இரண்டு மீற்றர் விலத்துங்கள்.

இடிக்காப்புக் கருவி பூட்டினாலும் புவித்தொடுப்பு இல்லாவிட்டால் அது வெறும் பெட்டி. யாழ்ப்பாணத்தில் அதுவும் சுலபமில்லை. செம்மண்ணுக்குக் கீழே சுண்ணக்கல். பல இடங்களில் செப்புக்கோல் ஒரு மீற்றர் இறங்குமுன் கல்லில் முட்டும். மீதியை வெட்டிவிட்டு மூடிவிடுவார்கள். கோல் இறங்காவிட்டால் கிணற்றடி அல்லது நந்தவனப் பக்கம், ஈரம் நிற்கும் மண்ணில், அரை மீற்றர் ஆழத்தில் பத்து மீற்றர் நீளத்துக்கு வெறும் செப்புக் கம்பியைக் கிடையாகப் புதைத்து பென்ரனைற் களி போடலாம். மண்ணை மூடியபின் அளந்து பாருங்கள், 10 ஓமுக்குக் கீழ் வரவேண்டும்.

மின்தடைக்கு யு.பி.எஸ். இருக்கிறது என்பார்கள். எதற்கு என்று கேளுங்கள். என்.வி.ஆர். மட்டும் யு.பி.எஸ்ஸில், கமராக்களுக்கு மின்சாரம் கொடுக்கும் சுவிட்சும் இன்ரநெற் ரவுட்டரும் சுவர்ப் பிளக்கில் என்றால், கரண்ட் போனதும் என்.வி.ஆர். வெறும் கறுப்பைப் பதிந்துகொண்டிருக்கும். எட்டுக் கமரா, சுவிட்ச், என்.வி.ஆர்., ரவுட்டர் எல்லாம் சேர்ந்து இரவில் 80 வாற் அளவு இழுக்கும். சாதாரண யு.பி.எஸ்ஸிலுள்ள 12 வோல்ற், 7 ஆம்பியர் மணி பற்றரி அதற்கு அரை மணிநேரம் தாக்குப்பிடித்தாலே பெரிய காரியம். 100 ஆம்பியர் மணி பற்றரியோடு ஓர் இன்வேட்டர் இருந்தால், பாதிவரை மட்டும் இறக்கினாலும் ஆறு மணிநேரம் ஓடும்.

ஹாட் டிஸ்க் கணக்கையும் நீங்களே போடலாம். படத்தைச் சுருக்கிப் பதியும் எச்.265 முறையில் ஒரு கமரா செக்கனுக்கு 2 மெகாபிற் என்றால் நாளுக்கு 21.6 கிகாபைட். எட்டுக் கமராவுக்கு 173. உபயகாரர் வாங்கித் தந்த 2 ரெராபைட் டிஸ்க் 11 நாளில் நிரம்பி, முதல் நாளை அழிக்கத் தொடங்கிவிடும். நகைப் பெட்டகத்தை மாதத்துக்கு ஒருமுறை திறந்து பார்க்கும் கோயிலில், களவு தெரியவரும்போது படம் இருக்காது. 30 நாளுக்கு 6 ரெராபைட் வேண்டும். அதுவும் கண்காணிப்புக்கென்று செய்த டிஸ்க்காக இருக்கவேண்டும். கணினியிலிருந்து கழற்றிய டிஸ்க் இரவுபகலாக எழுதுவதைத் தாங்காது. அது எப்போது நின்றது என்றும் யாருக்கும் தெரியவராது, ஏனென்றால் நேரடிப் படம் தொடர்ந்து தெரிந்துகொண்டே இருக்கும். மாதத்தில் ஒருநாள், பத்து நாளுக்கு முந்தைய இரவு இரண்டு மணிப் பதிவை எடுத்து ஓடவிட்டுப் பாருங்கள். கூடவே அந்தப் பெட்டியையே கள்ளன் தூக்கிப் போவதும் உண்டு. அலுவலக மேசையில் வைக்காமல், பூட்டிய இரும்புப் பெட்டிக்குள் காற்றோட்டம் விட்டு வேறு அறையில் வையுங்கள். முகக் கமராக்களில் ஒவ்வொரு மெமரி காட்டும் போட்டுவிடுங்கள்.

அலாரம் அடித்தால் யார் போவது?

கமரா விற்பவரிடம் இதற்குப் பதில் இல்லை. சபைதான் தீர்மானிக்கவேண்டும், எழுத்தில். கோயிலடியில் குடியிருக்கும் ஐயருக்கா, காவலாளிக்கா, செயலாளருக்கா? குறைந்தது மூன்று போன்களுக்கு அறிவித்தல் போகட்டும். மூன்றிலும் பற்றரிச் சேமிப்பு அந்தச் செயலியை இரவில் உறங்கவைக்காதபடி விலக்குக் கொடுங்கள். "வரவில்லை" என்ற முறைப்பாடுகளில் பெரும்பாலானவை இந்த ஒரு காரணத்தால்தான். தனியாக யாரும் போகக்கூடாது. முதலில் என்.வி.ஆரின் அலாரம் வெளியீட்டில் இணைத்த ஒலிபெருக்கியும் வெளிச்சமும் தானாகப் போடவேண்டும், பிறகு 119, பிறகு அயலவர். கள்ளன் வேலை செய்ய விரும்புவது இருட்டில், சத்தமில்லாமல். அந்த இரண்டையும் பத்துச் செக்கனில் பறித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

புலம்பெயர்ந்த ஊரவர்கள் இதில் உதவலாம். இங்கே இரவு ஒரு மணி என்றால், கோடையில் ரொறன்ரோவில் முதல்நாள் பிற்பகல் மூன்றரை, லண்டனில் இரவு எட்டரை. கமராவுக்குக் காசு அனுப்பியவர் அந்த நேரத்தில் விழித்திருக்கிறார். அறிவித்தல் அவருக்கும் போனால், பார்த்துவிட்டு ஊருக்கு அழைப்பெடுத்து எழுப்பலாம். ஆனால் பார்ப்பதற்கு மட்டும் உரிமையுள்ள தனிக் கணக்குக் கொடுங்கள். நிர்வாகப் பாஸ்வேட்டை வைபர் குழுவில் போட்டுவிட்டு, ஆருக்குத் தெரியும் ஆருக்குத் தெரியாது என்று பிறகு தேடமுடியாது. 2016இல் மிராய் என்ற தீநிரல் தொழிற்சாலைப் பாஸ்வேட் மாற்றாத கமராக்களையும் பதிவுப் பெட்டிகளையும் இலட்சக்கணக்கில் பிடித்து இணையத் தாக்குதலுக்குப் பயன்படுத்தியது. அப்படி மாற்றாமல் விட்ட பெட்டிகள் இன்றும் இருக்கின்றன.

திருவிழாக் கூட்டம் வேறு உலகம். நல்லூரில் 25 நாளும் வீதிகளை மூடித்தான் சனத்தைச் சமாளிக்கிறார்கள். அந்த நெரிசலில் சங்கிலி அறுப்பதைக் கமரா தடுக்காது. மேலிருந்து பார்க்கும் கமராவின் வேலை அப்போது சனம் எங்கே இறுகுகிறது, எந்த வாசலைத் திறக்கவேண்டும் என்று காட்டுவது. மேலாடை நிறத்தை வைத்து ஆளைத் தேடும் வசதியைப் பெரிதாக விளம்பரப்படுத்துவார்கள். ஆண்கள் எல்லாரும் வெறும் மேலோடும் வெள்ளை வேட்டியோடும் நிற்கும் வீதியில் அதை வைத்து என்ன தேடுவது? கைவிடப்பட்ட பையைக் கண்டுபிடிக்கும் வசதி வெறுமையான தேவாலயத்தில் நன்றாக வேலை செய்யும். அன்னதான மடங்களோடு அடியார்கள் பையும் பாயுமாகத் தங்கும் செல்வச்சந்நிதியில் நிமிடத்துக்கு ஒரு அலாரம் அடிக்கும். திருவிழாவுக்குப் பயன் தருவது சைக்கிள், மோட்டார் சைக்கிள் பாதுகாப்பு நிலைய வாசலில், இலக்கத்தகடு உயரத்துக்குக் கிட்ட, ஷட்டரை 500இல் ஒரு பங்குக்கு வைத்த ஒரு கமரா.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு இதைப் பற்றிப் பேசும்போது அந்தக் காலையை விலக்கமுடியாது. கட்டுவாப்பிட்டி புனித செபஸ்தியார் தேவாலயத்துக்கு முதுகுப்பையோடு ஒருவர் நடந்து போவதைக் கமரா தெளிவாகப் பதிந்தது. உலகமே பிறகு அதைப் பார்த்தது. மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் பையோடு வந்தவரை முற்றத்தில் நின்றவர்கள் மறித்துக் கேட்டார்கள், அவர் உள்மண்டபத்துக்குள் போகவில்லை. வெளியே வெடித்தபோதும் பிள்ளைகள் உட்படப் பலர் இறந்தார்கள். உள்ளே வெடித்திருந்தால் எத்தனை என்று சொல்லமுடியாது. பெருநாளில் எட்டுக் கமராவுக்கு ஒதுக்கும் காசில் ஒரு பங்கை வாசலில் நிற்கும் இரண்டு தொண்டர்களைப் பழக்கவும், அவர்கள் கையில் ஒரு வோக்கிரோக்கி கொடுக்கவும் ஒதுக்குங்கள்.

முகத்தை வைத்து ஆளின் பெயரைச் சொல்லும் மென்பொருள் வேண்டாம். கும்பிட வருபவரின் முகத்தைப் பதிவேடாக்க ஒரு கோயிலுக்கு என்ன தேவை? 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உயிரியல் அடையாளத் தரவைத் தனிக் கவனத்துக்குரிய வகையில் சேர்த்திருக்கிறது. வாசலில் கமரா இயங்குகிறது என்று தமிழில் ஓர் அறிவித்தல், பதிவை யார் பார்க்கலாம் என்ற ஒரு தீர்மானம், பார்த்தவர் கையொப்பமிட ஒரு கொப்பி. இவை போதும். களவுக் காட்சியை முகநூலில் போடுவதற்கு முன்னர் பொலிஸுக்குக் கொடுங்கள். பிழையான ஆளின் படம் ஊர் முழுக்கப் போனால் திருப்பி எடுக்கமுடியாது.

கொடுக்கும் முறையும் முக்கியம். கமராத் திரையைப் போனால் படம்பிடித்துக் கொடுப்பது வழக்கு என்று வரும்போது நிற்பது கடினம். சம்பவத்துக்கு முன்பின் அரை மணிநேரத்தை என்.வி.ஆரிலிருந்து மூலக் கோப்பாகவே இரண்டு பென்ட்ரைவில் எடுத்து, எடுத்தவர் பெயர், திகதி, நேரம், பெட்டியின் தொடரிலக்கம் எழுதி, ஒன்றைக் கொடுத்து மற்றதைப் பெட்டகத்தில் வையுங்கள். பதிவுகளைச் சாட்சியமாக ஏற்பதற்கு 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சான்றுச் சிறப்பேற்பாடுகள் சட்டம் இருக்கிறது. எதிர்த்தரப்புச் சட்டத்தரணி முதலில் பிடிப்பது நேரத்தைத்தான். பெட்டியின் உள்பற்றரி செத்து, மின்தடைக்குப் பிறகு பழைய வருடத்துக்குப் போய் நிற்கும் என்.வி.ஆர்கள் ஏராளம். இணைய நேரத்தோடு பொருத்தி, உலகப் பொது நேரத்துக்கும் எங்கள் நேரத்துக்கும் உள்ள ஐந்தரை மணி வித்தியாசம் சரியா என்று மாதச் சோதனையிலேயே பார்த்துவிடுங்கள்.

கடைசியாகக் குழாய். கும்பாபிஷேகம் முடிந்து வர்ணம் காய்ந்தபின் கமரா பூட்ட வந்தால், புதுச் சுதையில் துளை போடவேண்டிவரும், அல்லது வயர் வெளியே தொங்கும். பாலஸ்தாபனம் செய்து திருப்பணி தொடங்கும்போதே 25 மில்லிமீற்றர் குழாய்களை வாசல், உண்டியலடி, வாகனசாலை, களஞ்சியம் ஆகிய இடங்களுக்குச் சாந்துக்குள் புதைத்துவிடலாம். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு நைலோன் கயிற்றை இழுத்து வைத்து, இரண்டு வாயையும் மூடியால் அடையுங்கள். மூடாவிட்டால் பெயின்ற் அடிப்பவர்கள் சாந்து பூசி மறைத்துவிடுவார்கள், அடுத்த பன்னிரண்டு வருடத்துக்கு அது எங்கே இருந்தது என்று யாருக்கும் தெரியாது.